கடல் கடந்த படைவீரனும் சட்டத்தின் துணையும்

படைவீரன் ஒருவன் தன் நாட்டைவிட்டுப் புறப்படும்பொழுது துப்பாக்கியையும் சீருடையையும் மாத்திரம் சுமந்து செல்வதில்லை. தன் நாட்டுச் சட்டத்தையும் உடன் சுமந்து செல்கின்றான். வேற்று நாட்டு மண்ணில் அவன் கால்வைத்த கணத்திலே அந்நாட்டின் சட்டமும் அவனைச் சூழ்ந்துகொள்கின்றது. அவன் ஒழுங்காக நடந்துகொள்ளும்வரையில் இவ்விரு சட்டங்களும் ஒன்றோடொன்று முட்டுவதில்லை. அவன்மீது ஒரு குற்றம் சாட்டப்பட்டதும் இரண்டும் நேருக்கு நேர் வந்து நிற்கின்றன. அவனை விசாரிக்கும் உரிமை எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு உரியது? எந்த நீதிமன்றமாயினும், அங்கே அவனுக்காகப் பேசுபவர் யார்?

முதலாவது வினாவைக் குறித்து அரசாங்கங்கள் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளன. பத்திரிகைகளும் அதனையே பெரிதாக எழுதுகின்றன. இரண்டாவது வினாவுக்கு அத்துணை ஆரவாரம் இல்லை. ஆயினும், ஒரு தீர்ப்பு காலத்தை வென்று நிற்பதும், காலம் செல்லச் செல்ல ஐயத்துக்கு இடமாவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது வினாவுக்குக் கிடைக்கும் விடையிலேயே தங்கியிருக்கின்றன. இதனை மெய்யாக நிகழ்ந்த சில வழக்குகளைக்கொண்டு ஆராய்வோம்.

பழைய காலத்தில், ஒரு நாட்டின் படை வேற்று நாட்டில் நிற்குமாயின் அது தன் சட்டத்துக்கு மாத்திரமே கட்டுப்பட்டது என்னும் கருத்து வலுவாக இருந்தது. 1812ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல், ஒரு கப்பல் வழக்கிலே தீர்ப்புக் கூறுகையில், அனுமதி பெற்றுத் தன் நாட்டினூடாகச் செல்லும் அயல்நாட்டுப் படையின்மீது நாட்டுக்குரிய அரசு தன் அதிகாரத்தைச் செலுத்தாது விட்டுக்கொடுப்பதாகக் கொள்ளவேண்டும் என்றார். அக்காலத்தில் படைகள் ஒரு நாட்டினூடாகச் சென்றன. அல்லது போரிட்டு வென்று தங்கின. சமாதான காலத்தில், நட்பு நாடொன்றில், ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கும் வழக்கம் அன்று பரவியிருக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் நிலைமை மாறிற்று. இலட்சக்கணக்கான அமெரிக்கப் படையினர் ஐரோப்பாவிலும் யப்பானிலும் பிற நாடுகளிலும் பாசறை அமைத்துத் தங்கினர். கடைத்தெருவுக்குச் சென்றனர், மோட்டார் வண்டி ஓட்டினர், சிலர் மணஞ்செய்தனர், சிலர் சண்டையிட்டனர். அவர்களாலே தீங்குற்ற உள்ளூர் மக்கள் தம் நாட்டு நீதிமன்றத்தை நாடியபொழுது, “அவர்களை விசாரிக்க எமக்கு உரிமையில்லை” என்று சொல்லி அனுப்புவது எந்தத் தன்மானமுள்ள அரசாங்கத்துக்கும் இயலாத காரியமாயிற்று. சிறப்பாக ஆசிய நாடுகளில், ஐரோப்பியர் செய்த குற்றங்களை ஐரோப்பிய நீதிமன்றங்களே விசாரித்த பழைய அவமானம் மக்கள் மனத்திலிருந்து நீங்கியிருக்கவில்லை.

இதற்கு ஒரு வழியாக, வட அத்திலாந்திக் உடன்படிக்கை நாடுகள் 1951ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆந் தேதி இலண்டனில் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. அதன் ஏழாவது உறுப்புரை அதிகாரத்தை இரு நாடுகளுக்குமிடையே பங்கிடுகின்றது. படைவீரன் செய்த குற்றம் அவனை அனுப்பிய நாட்டின் சொத்துக்கோ பாதுகாப்புக்கோ மாத்திரம் தீங்காயின், அல்லது சக படைவீரனுக்கு மாத்திரம் தீங்காயின், அவனை விசாரிக்கும் முதல் உரிமை அனுப்பிய நாட்டுக்கு உரியது. உத்தியோகக் கடமையைச் செய்கையில் நிகழ்ந்த செயலாயினும் அவ்வாறே. ஏனைய குற்றங்களில் முதல் உரிமை அவனை ஏற்றிருக்கும் நாட்டுக்கு உரியது. முதல் உரிமையுள்ள நாடு, மற்ற நாடு வேண்டிக்கொண்டால், அதனை விட்டுக்கொடுக்கவுங் கூடும். யப்பானும் அமெரிக்காவும் 1953ஆம் ஆண்டில் இதே முறையைத் தமக்குள் ஏற்றுக்கொண்டன.

எழுத்தில் இந்தப் பங்கீடு தெளிவாகவே தோன்றுகின்றது. அது மனிதருக்குள் வந்து சேர்ந்தபொழுது எத்துணைச் சிக்கலாயிற்று என்பதை 1957ஆம் ஆண்டின் ஜிறாட் வழக்கு காட்டிற்று.

அந்த ஆண்டு ஜனவரி மாதம் 30ஆந் தேதி, யப்பானின் குன்மா மாகாணத்தில், சோமகஹாரா என்னும் இடத்திலுள்ள துப்பாக்கிப் பயிற்சி வெளியிலே அமெரிக்கப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். அங்கே சுட்டெறியப்படும் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிப் பழைய உலோகமாக விற்று வயிறு வளர்ப்பது சுற்றுப்புறத்து ஏழைகள் சிலரின் பிழைப்பு. நாகா சகாய் என்பவர் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர். வயது 46, ஆறு பிள்ளைகளின் தாய். பயிற்சியின் இடைவேளையில், இயந்திரத் துப்பாக்கி ஒன்றையும் சில பொருள்களையும் காவல்புரியும்படி வில்லியம் ஜிறாட் என்னும் 21 வயதுப் படைவீரன் பணிக்கப்பட்டிருந்தான். அவன் தன் துப்பாக்கியில் பொருத்தியிருந்த எறிகுண்டு செலுத்துங் கருவியிலே வெறுங் கூடு ஒன்றை இட்டு, ஓசைத் தோட்டாவினால் அதனைச் செலுத்தினான். அது அப்பெண்ணின் முதுகிலே தைத்தது. அவர் மாண்டார்.

ஜிறாட் கடமை நேரத்தில் இருந்தான் என்பதில் ஐயமில்லை. காவல்புரியும்படி அவனுக்குக் கட்டளையும் இருந்தது. ஆகவே அவனுடைய செயல் உத்தியோகக் கடமையின்பாற்பட்டது என்று அமெரிக்கப் படை அதிகாரிகள் சான்றிதழ் அளித்தனர். யப்பானிய அதிகாரிகள் இதனை மறுத்தனர். கூடு பொறுக்க வரும்படி அவன் அப்பெண்ணுக்குச் சைகை காட்டிப் பின்னர் சுட்டான் என்று சாட்சிகள் கூறினர். கடமை நேரத்தில் ஒருவன் செய்வன யாவும் கடமையாகிவிடுமா? காவற்காரன் காவல் நேரத்தில் செய்த விளையாட்டுக் காவலாகுமா? வழக்கின் உயிர்நாடி இந்தச் சிறு வேறுபாட்டிலேயே இருந்தது.

நெடிய பேச்சுவார்த்தையின் பின்னர், அவனை யப்பானிய நீதிமன்றத்திடம் விடுவதென அமெரிக்க அரசாங்கம் முடிவுசெய்தது. அமெரிக்காவிலே பெருங் கொந்தளிப்பு எழுந்தது. கட்டளைக்கு அமைந்து சென்ற மகனை அந்நிய நீதிமன்றத்துக்குப் பலியிடுவதா என்று பலர் கேட்டனர். யப்பானிலோ, ஏழைத் தாயொருத்தியின் உயிருக்கு விலையில்லையா என்ற கேள்வி எழுந்தது. ஜிறாட்டின் சார்பில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யப்பட்டது. அவனைக் கையளிப்பதற்கு அங்கே தடையுத்தரவு கிடைத்தது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1957 ஜூலை 11ஆந் தேதி அத்தடையை நீக்கிற்று. தன் எல்லைக்குள் நிகழும் குற்றத்தை விசாரிப்பது இறைமையுள்ள நாட்டின் உரிமை. அதனை விட்டுக்கொடுப்பது அந்நாடு தானாக இசைந்தால் மாத்திரமே. ஜிறாட்டைக் கையளிப்பதை அமெரிக்க அரசியலமைப்புத் தடுக்கவில்லை என்பன அத்தீர்ப்பின் சாரம்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மாயேபாஷி நகரின் மாவட்ட நீதிமன்றத்திலே விசாரணை தொடங்கிற்று. ஜிறாட்டுக்காக இற்சுறோ ஹயாஷி என்னும் யப்பானியச் சட்டத்தரணி தோன்றினார். அவருக்குரிய வேதனத்தை அமெரிக்கப் படை செலுத்திற்று. மொழிபெயர்ப்பாளர் இருந்தனர். சாட்சிகள் எதிர்க்கட்சியின் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டனர். நீதிபதிகள் பயிற்சி வெளிக்கே சென்று, நின்றவர் நின்ற இடத்தையும் தூரத்தையும் நேரிற் பார்த்தனர். நவம்பர் மாதம் 19ஆந் தேதி தீர்ப்பு வழங்கப்பட்டது. உடலுக்குத் தீங்கு விளைத்து மரணம் நேரச் செய்த குற்றத்துக்கு ஜிறாட் உரியவன் என மன்றம் கண்டது. மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதனை ஒத்திவைத்தது. ஆண்டு முடியுமுன் அவன் யப்பானைவிட்டுச் சென்றான்.

அந்நிய நீதிமன்றம் தம் வீரனை நசுக்கிவிடும் என்று அஞ்சிய அமெரிக்கர் பலர் இத்தீர்ப்பைக் கண்டு வியந்தனர். தண்டனை மிகச் சிறிதெனக் கருதிய யப்பானியரும் பலர். பல ஆண்டுகளின் பின் பகிரங்கமான அரசாங்க ஆவணங்கள் மற்றொரு செய்தியையும் வெளிப்படுத்தின. அவனைக் கையளிக்கு முன்னர், கொலைக்குற்றம் சாட்டுவதில்லை என்றும் தண்டனை இலேசாக அமைய வழிசெய்வதென்றும் இரு அரசாங்கங்களுக்குமிடையே இரகசிய இணக்கம் ஏற்பட்டிருந்தது. நாகா சகாயின் குடும்பத்தாருக்குச் சுமார் 1,750 டொலர் நட்டஈடு கிடைத்தது.

வெளிப்படையாக நடந்த வாதமும் மறைவாக நடந்த பேரமும் இவ்வழக்கிலே பக்கத்துக்குப் பக்கம் நிற்கின்றன. சட்டத்தரணி மன்றத்தில் எழுந்து, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து, ஒரு குற்றச்சாட்டைப் பலவீனப்படுத்தினால் அதனை நாடே பார்க்கின்றது. ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ எவருக்கும் இடமுண்டு. அதிகாரிகள் அறைக்குள்ளே கூடித் தண்டனையின் அளவைப் பேசி முடிப்பின், குற்றஞ்சாட்டப்பட்டவன் பயனடையலாம். இறந்தவளின் பிள்ளைகளுக்கு அங்கே குரலில்லை. சட்டத் துணை வேறு, அரசியற் சலுகை வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே, படைவீரனுக்குச் சட்டத்தரணி வேண்டுமென்று சொன்னவுடன் குற்றத்தை மூடிமறைக்க முயல்வதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர்.

அச்சட்டத் துணை எவற்றை உள்ளடக்க வேண்டுமென்பதை 1951ஆம் ஆண்டின் ஒப்பந்தமே நிரலாகக் கூறுகின்றது. அயல்நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் படைவீரனுக்குத் தாமதமின்றி விசாரணை நடைபெறவேண்டும். அவன்மீதுள்ள குற்றச்சாட்டு முன்கூட்டியே அறிவிக்கப்படவேண்டும். தனக்கு எதிரான சாட்சிகளை நேருக்கு நேர் கண்டு வினவவும், தன் சாட்சிகளை மன்றத்தின் கட்டளையால் வரவழைக்கவும் அவனுக்கு உரிமையுண்டு. தான் தெரிந்தெடுத்த சட்டத்தரணியோ, அந்நாட்டு வழக்கப்படி இலவசமாகக் கிடைக்கும் சட்டத்தரணியோ அவனுக்காகத் தோன்றலாம். தேவையெனக் கருதினால் தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரை அவன் பெறலாம். தன் அரசாங்கத்தின் பிரதிநிதியோடு தொடர்புகொள்ளலாம்; மன்றத்தின் விதிகள் இடந்தரும்போது அப்பிரதிநிதி விசாரணையில் அமர்ந்திருக்கலாம்.

இவற்றுள் மொழிபெயர்ப்பாளரைக் குறித்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தான் அறியாத மொழியிலே தன் உயிரைப் பற்றிப் பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு, எத்துணைச் சிறந்த சட்டத்தரணி இருந்தும் பாதித் துணையே உண்டு. “தள்ளினேன்” என்பதற்கும் “அடித்தேன்” என்பதற்குமுள்ள வேறுபாடு, மொழிபெயர்ப்பிலே நழுவினால், ஆண்டுக்கணக்கான சிறைவாசமாக முடியலாம். மொழி தெரியாமல் அவன் கையொப்பமிட்ட முதல் வாக்குமூலமே பின்னர் அவனுக்கு எதிரான முதல் சாட்சியாகின்றது.

சட்டத் துணைக்குப் பணமும் வேண்டும். அயல்நாட்டு நீதிமன்றங்களில் நிற்கும் தன் படையினருக்காகச் சட்டத்தரணியின் வேதனத்தையும் வழக்குச் செலவையும் பிணைப் பணத்தையும் அரசாங்கமே செலுத்தலாமென்று அமெரிக்கக் காங்கிரஸ் 1956ஆம் ஆண்டில் சட்டமியற்றிற்று. அதற்கு மூன்றாண்டுகளின் முன், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட அமெரிக்கச் செனற் சபை, இத்தகைய வழக்குகளில் அமெரிக்கப் பிரதிநிதியொருவர் அமர்ந்து விசாரணை நேர்மையாக நடைபெறுகின்றதா என்று நோக்கி அறிக்கையிடவேண்டுமென வலியுறுத்தியிருந்தது.

இதுவரை கூறியன படைவீரன் அயல்நாட்டு நீதிமன்றத்தில் நிற்கும் நிலையைப் பற்றியன. அவனுடைய சொந்தப் படையே, வேற்று மண்ணில் வைத்து, அவனை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவதும் உண்டு. தன் மொழியில், தன் கொடியின் கீழ், தன் அதிகாரிகள் விசாரிப்பதால் அங்கே துணை தானாகவே கிடைத்துவிடும் என்று நினைத்தல் தவறு. தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தின்போது நிகழ்ந்த ஒரு வழக்கு இதற்குச் சான்று.

ஹரி மொறன்ற், பீற்றர் ஹண்ட்கொக், ஜோர்ஜ் விற்றன் என்னும் மூன்று அதிகாரிகள் பிரித்தானியப் படைப்பிரிவொன்றில் பணியாற்றினர். சரணடைந்த போயர் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள் என்று இவர்கள்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 1902ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பீற்றர்ஸ்பேர்க் நகரில் இராணுவ நீதிமன்றம் கூடிற்று. இவர்களுக்காகத் தோன்றியவர் மேஜர் ஜே. எப். தோமஸ். அவர் அவுஸ்திரேலிய நாட்டுப்புற நகரொன்றில் சட்டத்தொழில் புரிந்தவர். விசாரணைக்கு முதல் நாளே அவர் அங்கு வந்து சேர்ந்தார். உயிர் போகும் வழக்கை ஆயத்தஞ்செய்ய அவருக்குக் கிடைத்தது ஒரு நாட்பொழுதே. கைதிகளைப் பிடிக்கவேண்டாமென மேலிடத்துக் கட்டளை இருந்தது என்பது எதிர்வாதத்தின் முக்கிய பகுதி. மூவரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். பெப்ரவரி மாதம் 27ஆந் தேதி மொறன்றும் ஹண்ட்கொக்கும் பிரிற்றோரியாவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். விற்றனுக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டு, 1904ஆம் ஆண்டில் அவர் விடுதலையானார்.

கைதிகள் கொல்லப்பட்டது உண்மை. அதனை அந்த அதிகாரிகளும் மறுக்கவில்லை. ஆயினும் அத்தீர்ப்பு நூறாண்டுக்கு மேலாகியும் அமைதியுற்றதில்லை. அவசர விசாரணை, போதிய ஆயத்தமில்லாத எதிர்வாதம் என்ற காரணங்களைக் காட்டி மன்னிப்புக் கோரும் மனுக்கள் எழுந்தன. நூல்கள் தோன்றின. 1980ஆம் ஆண்டில் திரைப்படமும் வெளிவந்தது. தண்டிக்கப்பட்டவர் பெயரை உலகம் அறிகின்றது. சரணடைந்த பின்னர் சுடப்பட்டவர்களின் பெயரை நினைப்பவர் எத்தனை பேர்? சரியான எதிர்வாதத்துக்கு இடங்கொடாத விசாரணை, குற்றவாளியைத் தியாகியாக்குகின்றது. இறந்தவர்களை இரண்டாம் முறையும் புதைக்கின்றது.

இத்தகைய அனுபவங்களிலிருந்து இராணுவச் சட்டம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் இராணுவ நீதிமன்றங்கள் நடந்த முறையைப் பற்றி எழுந்த முறைப்பாடுகளின் பயனாக, அமெரிக்காவில் முப்படைகளுக்கும் பொதுவான இராணுவ நீதிச் சட்டக்கோவை 1950ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பாரதூரமான குற்றங்களை விசாரிக்கும் உயர்தர இராணுவ நீதிமன்றத்தில், குற்றஞ்சாட்டப்பட்டவனுக்காகத் தோன்றுபவர் தகுதிபெற்ற சட்ட அறிஞராக இருத்தல் வேண்டும் என அது விதித்தது. படைச் சட்டத்தரணி இலவசமாகக் கிடைப்பார். சொந்தச் செலவிலே வெளிச் சட்டத்தரணி ஒருவரையும் அமர்த்திக்கொள்ளலாம். சந்தேகிக்கப்படுபவனிடம் வினாத் தொடுக்கு முன்னர், குற்றச்சாட்டு இன்னதென்றும், அவன் பேசாதிருக்கலாமென்றும், பேசினால் அவன் சொல் அவனுக்கு எதிராகக் கொள்ளப்படலாமென்றும் எச்சரிக்கவேண்டும். அந்நாட்டுப் பொலிசார் இத்தகைய எச்சரிக்கை செய்தல் வேண்டுமென்று உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது 1966ஆம் ஆண்டிலேதான். இவ்வொரு விடயத்தில் இராணுவச் சட்டம் குடியியற் சட்டத்துக்கு முன்னே சென்றது.

படையினுள் எதிர்வாதம் செய்யும் சட்டத்தரணியின் நிலை விசித்திரமானது. அவர் சீருடை அணிந்த அதிகாரி. கட்டளைக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியஞ்செய்தவர். வழக்கைத் தொடுப்பவரும் அதே படையின் தளபதி. தளபதியின் கையெழுத்தால் பதவி உயர்வு பெறவேண்டிய ஒருவர், அத்தளபதியின் முடிவு பிழையென்று எழுந்து வாதிடல் எளிதா? இதனையுணர்ந்தே, தளபதிகள் தம் அதிகாரத்தால் நீதிமன்றத்தின் மனத்தைச் சாய்க்க முயல்வதைச் சட்டக்கோவை தடைசெய்தது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை எதிர்வாதச் சட்டத்தரணிகளைத் தனிச் சேவையாக்கிற்று. அன்றுமுதல் அவர்கள் உள்ளூர்த் தளபதிக்கன்றித் தம் சேவைத் தலைவருக்கே பொறுப்பாளிகள். வைத்தியருக்கு நோயாளி எப்படியோ, சட்டத்தரணிக்குக் கட்சிக்காரன் அப்படி. நடுவே மூன்றாமவர் நின்றால் நம்பிக்கை பிறவாது. நம்பிக்கை இல்லாத இடத்தில் உண்மையும் வெளிவராது.

இனி, வேற்று நாட்டில் குற்றஞ்சாட்டப்பட்ட படைவீரர் பெரும்பாலும் கூறும் எதிர்வாதத்தை நோக்குவோம். “மேலதிகாரி கட்டளையிட்டார், நான் செய்தேன்” என்பதே அது. நூரம்பேர்க் விசாரணைகளின் பின்னர், கட்டளை என்ற ஒன்றே போர்க்குற்றத்தைப் போக்காது என்பது சர்வதேசச் சட்டத்தில் உறுதியாயிற்று. ஆயினும் சாதாரண படைவீரன் ஒவ்வொரு கட்டளையையும் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாதென்பதும் மெய். எனவே நீதிமன்றங்கள் ஒரு நடுவழியைக் கண்டன. 1968ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வியட்நாமின் மை லாய்க் கிராமத்திலே நூற்றுக்கணக்கான நிராயுதபாணிகளான கிராமவாசிகள் கொல்லப்பட்டனர். அது குறித்து விசாரிக்கப்பட்ட லெப்டினன்ற் வில்லியம் கலி, தனக்கு மேலதிகாரியின் கட்டளை இருந்ததென வாதிட்டார். சாதாரண அறிவும் விளக்கமும் உள்ள ஒருவன் அக்கட்டளை சட்டவிரோதமென அறிந்திருப்பானாயின், அது அவனைக் காவாது என்பதே அவ்வழக்கில் நடுவர்க்குக் கூறப்பட்ட அளவுகோல். 1971ஆம் ஆண்டில் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவருடைய எதிர்வாதம் முழுமையாகக் கேட்கப்பட்டதனாலேதான் அதற்கு முழுமையான மறுமொழியும் கிடைத்தது. விதித்த ஆயுட்சிறை பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டதும், 1974ஆம் ஆண்டிலே அவர் விடுவிக்கப்பட்டதும் நீதிமன்றத்துக்கு வெளியேயிருந்து வந்த அழுத்தங்களோடு சேர்த்து நினைக்கவேண்டியவை.

எதிர்வாதத்தில் சொல்லப்படாது விடப்படும் ஒரு செய்தி எத்துணை முக்கியமாகலாம் என்பதற்கு அண்மைக் காலத்து உதாரணமும் உண்டு. 2011ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில், படுகாயமுற்றுக் கிடந்த எதிரியொருவனைப் பிரித்தானிய மரீன் படையைச் சேர்ந்த சார்ஜன்ற் அலெக்சாந்தர் பிளாக்மன் சுட்டுக் கொன்றார். 2013ஆம் ஆண்டில் இராணுவ நீதிமன்றம் அவரைக் கொலைகாரரெனக் கண்டது. போர்க்களத்தின் நீடித்த நெருக்கடியால் அவர் மனநிலை நோயுற்றிருந்தது என்னும் வைத்தியச் சான்று அவ்விசாரணையில் முன்வைக்கப்படவில்லை. மேன்முறையீட்டில் அது முன்வைக்கப்பட்டபொழுது, 2017ஆம் ஆண்டில் அக்குற்றம் கொலையிலிருந்து, மனப்பொறுப்புக் குறைந்த நிலையிற் செய்த, கொலையாகாத மனிதவதையாக மாற்றப்பட்டது. அவர் செய்தது சரியென்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை. செய்தவர் எந்நிலையில் இருந்தார் என்பதை முதன்முறையிலேயே கேட்டிருந்தால், தீர்ப்பு நான்காண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் தூரதேசத்து வழக்குகளென நம் நேயர்கள் எண்ணக்கூடும். இலங்கையருக்கும் இவ்விடயத்தில் பழைய வரலாறும் புதிய வரலாறும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில், இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகளைக் காவல்புரிய இலங்கைப் பீரங்கிப் படையினர் அனுப்பப்பட்டிருந்தனர். 1942ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் தேதி இரவு அவர்களுட் சிலர் தம் பிரித்தானிய அதிகாரிக்கெதிராகக் கலகஞ்செய்தனர்; சக வீரர் ஒருவர் உயிரிழந்தார். கலகம் அடக்கப்பட்டுச் சில நாட்களுக்குள்ளேயே இராணுவ நீதிமன்றம் கூடிற்று. எழுவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. தலைவராயிருந்த கிறேஷியன் பெர்னாண்டோ உட்பட மூவர் ஆகஸ்டு மாதத்தில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அந்த யுத்தத்தில் கலகக் குற்றத்துக்காக மரணதண்டனைக்குள்ளான பொதுநலவாயப் படையினர் அம்மூவருமே. நான்கு பக்கமும் கடல். யப்பானியர் எந்நேரமும் வரலாமென்ற அச்சம். விசாரிப்போரும் விசாரிக்கப்படுவோரும் ஒரே சிறு காவற்படைக்குள் இருந்தவர்கள். அத்தகைய இடத்தில் அமைதியாகக் கேட்டு ஆராயும் நீதி எளிதிற் பிறக்குமோ என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

புதிய வரலாறு சமாதானப் பணியைப் பற்றியது. ஐக்கிய நாடுகளின் நீலத் தொப்பி அணிந்து செல்லும் படையினர், தாம் பணிபுரியும் நாட்டிற் குற்றஞ்செய்தால், அவர்களை விசாரிக்கும் அதிகாரம் முழுவதும் அவர்களை அனுப்பிய நாட்டுக்கே உரியது. நாம் முன்னர்க் கண்ட பங்கீடு இங்கே இல்லை. 2007ஆம் ஆண்டில், ஹெயிற்றித் தீவிற் பணியாற்றிய இலங்கைப் படையினருள் நூற்றுக்கு மேற்பட்டோர், பாலியற் சுரண்டல் பற்றிய குற்றச்சாட்டின்மேல் நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களுள் எவரும் சிறைசெல்லவில்லை என்று 2017ஆம் ஆண்டில் அசோசியேற்றற் பிறஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒரு சமுத்திரத்துக்கு இப்பாலும், சாட்சிசொல்ல வேண்டிய சிறுமியர் மறு சமுத்திரத்துக்கு அப்பாலும் இருப்பின், வழக்கு எவ்வாறு நடக்கும்? அங்கே இருவருக்கும் நீதியில்லை. தீங்குற்றவளுக்கு மன்றம் கிடைப்பதில்லை. குற்றமற்ற வீரனும், பகிரங்கமான மன்றத்தில் தன் பெயரைத் துடைத்துக்கொள்ள வழியின்றி, கூட்டத்தோடு கூட்டமாகக் களங்கஞ் சுமக்கின்றான்.

யப்பானிலும் இக்கேள்வி ஓய்ந்துவிடவில்லை. 1995ஆம் ஆண்டில் ஒக்கினாவாத் தீவிலே 12 வயதுச் சிறுமியொருத்தி மூன்று அமெரிக்கப் படையினராற் கடத்திப் பலாத்காரஞ் செய்யப்பட்டபொழுது, பல்லாயிரம் மக்கள் வீதியில் இறங்கினர். குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்படும்வரை சந்தேகநபர்களை அமெரிக்கப் படையே தன் காவலில் வைத்திருக்கலாம் என்னும் விதிமீது அவர்கள் கோபம் திரும்பிற்று. அதன் பயனாக, கொலை, பலாத்காரம் ஆகிய கொடுங்குற்றங்களில் அதற்கு முன்னரே கையளிக்கும் வேண்டுகோளை அனுதாபத்தோடு ஆராய்வதாக அமெரிக்கா ஒப்புக்கொண்டது. அம்மூவரும் யப்பானிய நீதிமன்றத்தில், சட்டத்தரணிகளின் துணையோடு விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்று, யப்பானியச் சிறையிலேயே அதனைக் கழித்தனர். சட்டத்தரணிகள் தோன்றினர் என்பதனால் தண்டனை தவறிவிடவில்லை. அத்தண்டனையைப் பின்னர் எவரும் அநீதியெனக் கூறவும் இடமிருக்கவில்லை.

நம் நாட்டு நீதிமன்றங்களிலே குற்றஞ்சாட்டப்பட்டவரை “எதிரி” என்று அழைக்கும் வழக்கம் உண்டு. போர்க்களத்தில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே எதிரியானவன் சுடப்பட வேண்டியவன். மன்றத்தில் எதிரியானவன் கேட்கப்பட வேண்டியவன். போர்வீரன் ஒருவன் வேற்று மண்ணில் குற்றஞ்சாட்டப்பட்டு நிற்கும்பொழுது இவ்விரு பொருளும் மயங்கிவிடும் அபாயம் பெரிது. அவனுடைய நாட்டார் அவனை வீரனென்றே காண்கின்றனர். தீங்குற்ற நாட்டார் பகைவனென்றே காண்கின்றனர். அவனைக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு மனிதனாக மாத்திரம் நிறுத்தி, அவன் செய்தது என்ன, ஏன் செய்தான் என்பதை முழுவதும் எடுத்துரைப்பதே சட்டத்தரணியின் தொழில். அத்தொழில் நேர்மையாக நடைபெறும் மன்றத்திலே, சோமகஹாராவில் மாண்ட தாயின் பிள்ளைகளும் ஒக்கினாவாச் சிறுமியின் பெற்றோரும் நம்பிக்கொள்ளத்தக்க ஒரு தீர்ப்புப் பிறக்க வழியுண்டு.